ஒட்டுத் துணியும் ஒட்டுச் செருப்பும்

குருமடத்தில் பயின்ற நாட்களில், மறையியல் நூல்களுக்கு அடியில் ஒளித்து வைத்து நாம் படித்த கதைநூல் ஒன்று உண்டு. ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்ட்டன் படைத்த ஃபாதர் பிரவுன் என்னும் துப்பறியும் குருவானவரின் கதைகளே அவை. முதற் கதை 1910-லும், முதல் தொகுதி 1911-லும் வெளிவந்தன. குள்ளமான உருவம், வட்ட முகம், கையில் ஒரு பெரிய குடை. இவ்வளவுதான் அந்தக் குருவானவர். ஆனால் பெரிய பெரிய காவல் அதிகாரிகள் திகைத்து நின்ற இடத்தில் அவர் உண்மையைக் கண்டுபிடித்து விடுவார். நாமும் ஒரு நாள் பங்குத்தந்தையாகி, அவரைப் போலவே கூர்மதியோடு விளங்க வேண்டுமென்று அன்று ஆசைப்பட்டதுண்டு. அந்த ஆசை ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று நிறைவேறியது. அதனால் விளைந்த கேட்டையும், அக்கேட்டைத் தைத்துச் சீராக்க முயன்ற ஓர் அம்மையாரையும் பற்றியே இம்மாதம் எழுதத் துணிகிறோம்.

மறைமலைநகர்ப் பக்கத்தில் நாம் பணியாற்றிய காலம் அது. அந்த அம்மையார் சென்னையில் பெரம்பூர்ப் பகுதியில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அஞ்சல் துறையில் முப்பதாண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். முகவரி தெளிவில்லாத கடிதங்களை உரியவரிடம் சேர்ப்பிக்க வழி தேடும் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவர். மழையில் நனைந்து எழுத்து கரைந்த உறை, ஊர்ப்பெயரின்றி 'மாதா கோவில் பக்கத்தில்' என்று மட்டும் எழுதிய அஞ்சலட்டை, பேரப்பிள்ளை கிறுக்கியது போன்ற கையெழுத்து - இவற்றையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முத்திரையின் விளிம்பை ஆராய்ந்து, இன்ன ஊர், இன்ன தெரு என்று சொல்லுவாராம்.

அலுவலகத்தில் பழகிய கண் வீட்டிலும் சும்மா இருக்குமா? அவர் குடியிருந்த தெருவில் சங்கிலி காணாமற் போனாலும், வீட்டைவிட்டுப் பையன் ஓடிப்போனாலும், காவல் நிலையத்துக்குச் செல்லுமுன் இவரிடம்தான் வருவார்களாம். தேவன் எழுதிய துப்பறியும் சாம்புவையும், தமிழ்வாணனின் சங்கர்லாலையும் எழுத்து விடாமல் படித்தவர். 'சாம்புவுக்கு அதிர்ஷ்டம் உதவியது. சங்கர்லாலுக்குத் தேநீர் உதவியது. எனக்கு அந்தோனியார் உதவினார்' என்று வேடிக்கையாகச் சொல்லுவார். தெருவார் அவரைப் 'போஸ்ட்டாபீஸ் அம்மா' என்றே அழைத்தார்கள். நம் பங்கிலும் அப்பெயரே நிலைத்துவிட்டது.

2019-இல் அவருடைய மகன் மறைமலைநகரில் வீடு வாங்கித் தாயை அழைத்து வந்தார். அன்பர்கள் பலர் அறிந்திருப்பீர்கள்: சென்னை மாநகரின் நெரிசலைக் குறைக்கும் பொருட்டுத் திட்டமிட்டு அமைக்கப்பட்ட துணைநகரம் இது. தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலை அடிகளாரின் பெயரைத் தாங்கி நிற்பது. ஜி.எஸ்.டி. சாலையின் ஓரமாக, காட்டாங்குளத்தூருக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் நடுவே தொடர்வண்டி நிலையம். ஒழுங்கான தெருக்கள், தொழிற்பேட்டை, காலையும் மாலையும் இரவும் சீருடையணிந்தவர்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள். எல்லாம் உண்டு. ஆனால் பெரம்பூரில் இருந்த ஒன்று இங்கில்லை. அங்கே கதவுகள் திறந்திருந்தன. இங்கே வாயிற்கதவுக்கு மேல் இன்னொரு இரும்புக் கதவு. அங்கே மூன்று தலைமுறைச் செய்தி தெரியும். இங்கே அடுத்த வீட்டார் எந்த ஊரார் என்பதே தெரியாது. வந்த மறு ஆண்டே கொரோனா வந்து, திறந்திருந்த இரண்டொரு கதவுகளும் சாத்தப்பட்டன.

"சாமி, இங்கே காணாமற் போவதற்குக்கூட ஒன்றுமில்லை" என்று அவர் ஒரு முறை நம்மிடம் சொன்னார். நாம் சிரித்தோம். அது வேடிக்கைப் பேச்சல்ல, பசியின் குரல் என்று அப்போது நமக்குப் புரியவில்லை. முதுமையில் புது ஊருக்குப் பெயர்க்கப்படுகிறவர்கள் உணவுக்கும் உடைக்கும் குறைவில்லாமல் இருக்கலாம்; ஆனால் 'உங்களால் எனக்கு ஆகவேண்டியது ஒன்று உண்டு' என்று சொல்லிக்கொண்டு வாசற்படி ஏறும் மனிதர் ஒருவரும் இல்லாமற் போவது பெரும் வறுமை. நம் பங்குகளில் இவ்வறுமையைக் கணக்கெடுப்பவர் யார்?

2022-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நாமே அந்த வாசற்படி ஏறினோம்.

கோவில் வளாகத்தில் அந்தோனியார் கெபி ஒன்று உண்டு. செவ்வாய்தோறும் மக்கள் வந்து மெழுகுதிரி ஏற்றி, ஏழைகளுக்கான உண்டியலில் காணிக்கை இடுவார்கள். புதன் காலையில் அதைத் திறந்து எண்ணுவது வழக்கம். சில மாதங்களாகவே தொகை குறைந்து கொண்டு வந்து, பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. திரிகளோ முன்போலவே எரிந்தன. கூட்டமும் முன்போலவே வந்தது. பூட்டைச் சுற்றிக் கீறல்கள் தெரிந்தன. கோவிற்பிள்ளை, "யாரோ கைவைக்கிறார்கள் சாமி" என்றார். நாமும் அவ்வாறே முடிவு செய்து, போஸ்ட்டாபீஸ் அம்மாவின் வீட்டுக்குச் சென்று, 'உங்களுக்கு ஒரு வழக்கு வந்திருக்கிறது' என்றோம். அன்று அவர் முகத்தில் கண்ட ஒளியை நாம் மறக்க முடியாது. காணாமற் போன பொருள்களைத் தேடித் தருபவர் என்று உலகமெல்லாம் வேண்டிக்கொள்ளும் புனிதரின் உண்டியலிலேயே திருட்டு என்றால், துப்பறிபவருக்கு அதைவிட நல்ல வழக்கு ஏது?

அவர் பழைய ஏற்பாட்டில் வழி கண்டார். தானியேல் நூலின் 14-ஆம் அதிகாரத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். பேல் என்னும் சிலை நாள்தோறும் படையலை உண்கிறதென்று அரசன் நம்பியிருந்தான். தானியேல் கோவில் தரையெங்கும் சாம்பலைத் தூவச் செய்து, கதவை முத்திரையிட்டார். விடிந்து பார்த்தால், எழுபது அர்ச்சகர்களும் அவர்தம் மனைவி மக்களும் இரகசிய வழியாய் வந்து உண்டுசென்ற காலடித் தடங்கள் சாம்பலில் தெரிந்தன. நம் அம்மையார் சாம்பலுக்குப் பதிலாகக் கோலமாவை எடுத்துக்கொண்டார். செவ்வாய் இரவு எல்லாரும் போனபின், கெபியின் முன்னும் பின்னும் மெல்லியதாய்த் தூவினார். புதன் விடியலில் தடம் தெரிந்தது. ஆணின் செருப்புத் தடம். இடது செருப்பின் குதிகாலில் சைக்கிள் டயர்த் துண்டு ஒன்றை வைத்து ஒட்டுப் போட்டிருந்தது. டயரின் வரிகள் மாவில் அச்சடித்தாற்போல் பதிந்திருந்தன. கெபியின் பின்புறத்தில் நெடுநேரம் யாரோ அமர்ந்திருந்த அடையாளமும் இருந்தது. அடுத்த வாரமும் அதே தடம்.

"இன்னார் என்று தெரியவில்லை சாமி, தெரிந்துகொள்ளலாம். கொஞ்சம் பொறுங்கள்" என்றார் அம்மையார். நாம் பொறுக்கவில்லை.

அந்த ஞாயிறு மறையுரையில், உண்மை ஒருநாள் வெளிப்பட்டே தீரும் என்பதை விளக்க வந்த நாம், நம்முடைய கூர்மதியை வியந்து, கோலமாவுக் கதையைச் சுவைபடச் சொன்னோம். மக்கள் சிரித்தார்கள். சிரிப்பு நமக்குப் பிடித்திருந்தது. எனவே, 'அந்தோனியாருக்கு எல்லாம் தெரியும். டயர் ஒட்டுப் போட்ட செருப்பைக்கூட அவருக்குத் தெரியும்' என்று ஒரு வாக்கியத்தைக் கூட்டிச் சொன்னோம். பெயர் சொல்லவில்லை, ஆகவே பழுதில்லை என்று எண்ணினோம். பூசை முடிந்து மக்கள் வெளியேறியபோது, வாசலில் கழற்றிவைத்த செருப்புகளையே எல்லாரும் பார்த்துக் கொண்டிருந்தார்கள். அம்மையார் மட்டும் நம் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் மாலை பங்கு இல்லத்துக்கு ஒரு பெண்மணி வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"சாமி, என் வீட்டுக்காரரின் செருப்பில் டயர் ஒட்டு இருக்கிறது. நீங்கள் சொன்னது அவரைத்தானா?"

நாம் பதில் தேடிக்கொண்டிருந்தபோது அவரே தொடர்ந்தார்: "அவர் தினமும் விடியற்காலை ஷிப்டுக்குப் போகிறாரே சாமி. அந்த நேரத்தில் கோவிலில் அவருக்கு என்ன வேலை?"

அன்பர்களே, அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்த உண்மை இதுதான். 1990-களின் இறுதியில் இவ்வட்டாரத்தில் எழுந்த பெரிய கார்த் தொழிற்சாலை ஒன்று 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது நாடறிந்த செய்தி. பெரிய மரம் சாய்ந்தால் அதில் கூடு கட்டிய பறவைகள் எத்தனை என்று செய்தித்தாளில் வருவதில்லை. அந்த மனிதர் எங்கோ ஒரு சிறு பட்டறையில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர். வேலை போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. வீட்டில் சொல்லும் துணிவு வரவில்லை. வழக்கம்போல விடியுமுன் எழுந்து, சாம்பல் நிறச் சீருடையை மாட்டிக்கொண்டு, சோற்றுப் பாத்திரத்துடன் புறப்பட்டு, வெளிச்சம் வரும்வரை அந்தோனியார் கெபியின் பின்புறத்தில் அமர்ந்திருப்பார். பிறகு தொடர்வண்டி ஏறிக் கூடுவாஞ்சேரியிலோ செங்கல்பட்டிலோ கிடைத்த கூலி வேலையைச் செய்வார். கிடைக்காத நாளில் கடன் வாங்குவார். அவர் உண்டியலைத் தொட்டதில்லை. அவர் அங்கே வந்தது தம் முகத்தை மறைக்க ஓரிடம் வேண்டி. கோவிலைத் தவிர வேறு இடம் அவருக்குத் தெரியவில்லை. அந்த ஓரிடத்தையும் நாம் பீடத்தில் நின்றுகொண்டு பறித்துவிட்டோம். மனைவிக்கு அவர் சொல்லத் துணியாததை நாம் ஊர் சிரிக்கச் சொல்லிவிட்டோம்.

அப்படியானால் உண்டியற் பணத்தைத் திருடியவர் யார்? அம்மையார் நம் கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, இரண்டு இரவுகள் உட்கார்ந்து பார்த்தார். கோவிற்பிள்ளை தொகையை மட்டுமன்றி, நோட்டு இவ்வளவு, நாணயம் இவ்வளவு என்றும் பிரித்து எழுதி வைத்திருந்தார். அதில்தான் உண்மை இருந்தது. "சாமி, திருடன் நோட்டை எடுப்பான், சரி. ஆனால் நாணயத்தைக் கூட்டி வைப்பானா? மாதத்துக்கு மாதம் நாணயம் ஏறுகிறது பாருங்கள்" என்றார். நூறும் ஐம்பதும் இட்ட கைகள் பத்து ரூபாய் இட்டன. பத்து இட்ட கைகள் இரண்டும் ஒன்றுமாய் இட்டன. கூட்டம் குறையவில்லை, திரி குறையவில்லை, வேண்டுதல் குறையவில்லை, கையிருப்புத்தான் குறைந்தது. பூட்டைச் சுற்றியிருந்த கீறல் கோவிற்பிள்ளையின் துருப்பிடித்த சாவியால் வந்தது. திருடன் என்று ஒருவன் இருக்கவே இல்லை. ஒரு பங்கே மெல்ல மெல்ல ஏழையாகிக் கொண்டிருந்தது. அந்த ஏழைமை வாரந்தோறும் நம் மேசைமேல் எண்ணி வைக்கப்பட்டது. ஆயனாகிய நாம் அதைப் பார்த்துப் 'பசி' என்று படிக்காமல் 'களவு' என்று படித்தோம்.

தானியேல் நூலில் 14-ஆம் அதிகாரத்துக்கு முன் 13-ஆம் அதிகாரம் இருக்கிறது. அதில் சூசன்னா என்னும் குற்றமற்ற பெண் மீது முதியோர் இருவர் பழி சுமத்துகின்றனர். மக்கள் கூட்டம் நம்பிவிடுகிறது. இளைஞராகிய தானியேல் அவ்விருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர் என்று கேட்கிறார். ஒருவர் ஒரு மரத்தையும், மற்றவர் வேறொரு மரத்தையும் சொல்லி அகப்பட்டுக் கொள்கின்றனர். உலகின் மிகப் பழைய துப்பறியும் கதைகளில் ஒன்று இது. நாமும் அம்மையாரும் 14-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு 13-ஐ மறந்துவிட்டோம். குற்றமற்றவரைக் காப்பாற்றுவதே தானியேலின் கூர்மதி செய்த முதல் வேலை. குற்றவாளியைப் பிடிப்பது அதற்குப் பிறகே.

1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இப்பாவங்களை மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. போதிய ஆதாரமின்றிப் பிறர் குறையை உண்மையென்று மனத்துக்குள் ஏற்பது முதலாவது. உண்மையான குறையையே ஆயினும், தக்க காரணமின்றி அறியாதவர்க்கு வெளிப்படுத்துவது இரண்டாவது. பொய்யுரைத்துப் பிறர் பெயரைக் கெடுப்பது மூன்றாவது. மூன்றாவதை எல்லாரும் பாவமென்று அறிவர். முதலிரண்டையும் நாம் 'சாமர்த்தியம்' என்றும் 'செய்தி' என்றும் பெயரிட்டு வீட்டுத் திண்ணையில் அமர்த்தி வைத்திருக்கிறோம். கெடுத்த நற்பெயரைத் திருப்பித் தரும் கடமையும் உண்டென்று அந்நூல் கூறுகிறது. பணத்தைத் திருடியவன் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பது போலத்தான் இதுவும்.

எனவே அடுத்த ஞாயிறு, பெயரையும் செருப்பையும் சொல்லி, அந்த மனிதர் குற்றமற்றவர் என்று அறிக்கையிட எண்ணினோம். அம்மையார் தடுத்தார். "வேண்டாம் சாமி. ஒரு முறை அவரைச் சந்தியில் நிறுத்தினோம். நல்லவர் என்று சொல்வதற்காக மறுபடியும் சந்தியில் நிறுத்தவேண்டாம்" என்றார். ஆகவே திருட்டே நடக்கவில்லை என்றும், தவறாகக் கணித்துப் பேசியது நம் குற்றம் என்றும், காணிக்கை குறைந்ததன் காரணம் நம்மில் பலருடைய வேலையிழப்பே என்றும் மட்டும் அறிவித்து மன்னிப்புக் கேட்டோம். அன்று யாரும் சிரிக்கவில்லை. பூசைக்குப் பின் நான்கு பேர் தனித்தனியே வந்து, தமக்கும் வேலை இல்லை என்றார்கள். அதுவரை நமக்குத் தெரியாது. வின்சென்ட் தே பவுல் சபையார் உடனே செயலில் இறங்கினார்கள்.

அந்த மனிதரின் வீட்டுக்கு நாம் தனியே சென்றோம். கதவைத் திறந்தவர் நம்மை உள்ளே அழைத்து நாற்காலி போட்டார். மன்னிப்புக் கேட்டோம். "சரி சாமி" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு மேல் அவரிடமிருந்து வரவில்லை. அதன்பின் அவர் நம் கோவிலுக்கு வரவில்லை. பக்கத்துப் பங்கில் பூசை காண்பதாய் அறிந்தோம். மனைவியும் பிள்ளைகளும் மட்டும் வந்தார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டால் கதை முடிந்துவிடும் என்று எண்ணுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறோம். கதை முடியவில்லை.

போஸ்ட்டாபீஸ் அம்மா துப்பறிவதை அன்றோடு விட்டுவிட்டார். "கண்ணை மூடிக்கொள்ள முடியாது சாமி, ஆனால் கைக்கு வேறு வேலை கொடுக்கலாம்" என்றார். உத்தர கன்னட மாவட்டத்தில் பணியாற்றித் திரும்பிய அருட்சகோதரி ஒருவரிடம் அவர் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கற்றுக்கொண்டார். அச்சகோதரி சொன்ன செய்தி அறியத்தக்கது. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த சித்தி இன மக்கள் அங்கே காட்டோரச் சிற்றூர்களில் வாழ்கின்றனர். அவர்களில் கத்தோலிக்கர் உண்டு, இசுலாமியர் உண்டு, இந்துக்கள் உண்டு. அப்பெண்கள் கிழிந்த உடைகளின் துண்டுகளைக் கொண்டு 'கவந்தி' என்னும் போர்வையைத் தைக்கின்றனர். ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடு தையலாகத் தைத்துக்கொண்டே நடுவை நோக்கி வருவார்கள். நான்கு மூலையிலும் துணியை மடித்துப் 'பூ' வைப்பார்கள். கத்தோலிக்கப் பெண்கள் தைக்கும் போர்வைகளில் சிலுவை வடிவம் இடம்பெறுவதுண்டு. நடுவில் கடைசித் துண்டை மூடுமுன், அதற்கடியில் சில அரிசி மணிகளை வைத்துத் தைப்பது அவர்கள் வழக்கம். போர்வையின் வயிறு வெறுமையாய் இருக்கலாகாதாம். அமெரிக்கப் பேராசிரியர் ஹென்றி டிரூவல் என்பவர் இக்கலையை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 2004-இல் இப்பெண்களுக்கென ஒரு கூட்டுறவு அமைப்பும் தொடங்கப்பட்டது.

நம் வீடுகளிலும் இக்கலை அறியாததன்று. பாட்டியின் பழஞ்சேலையை நான்காய் மடித்து, பருத்தி நூலால் தைத்துத் தொட்டிற் பிள்ளைக்கு விரித்ததை மறந்தவர் யார்? கடையில் வாங்கும் போர்வை வந்தபின் ஊசி துருப்பிடித்துப் போயிற்று.

அம்மையார் முதலில் தையற்கடைகளில் வெட்டுத்துணி பொறுக்கினார். பிறகு ஓர் எண்ணம் தோன்றியது. வேலை போனவர்களின் வீடுகளில் மடித்து வைத்திருந்த பழைய சீருடைகளைக் கேட்டார். 'இனி இதை யார் உடுத்தப் போகிறார்' என்று பெண்கள் எடுத்துக் கொடுத்தார்கள். சாம்பல் நிறம், நீல நிறம், காக்கி நிறம். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்துக் கீஸ் பெண்ட் என்னும் சிற்றூரிலும் இவ்வாறு நடந்ததுண்டு. அங்கே மிசௌரி பெட்வே என்னும் ஏழைப் பெண்மணி, 1942-இல் தம் கணவர் இறந்தபின், அவர் வயலில் உடுத்திய வேலை உடைகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்துப் போர்த்திக்கொண்டார். அவ்வூர்ப் பெண்களின் போர்வைகள் பின்னாளில் நியூயார்க் நகரத்து விட்னி அருங்காட்சியகத்தில் 2002-இல் காட்சிக்கு வைக்கப்பட்டன. துக்கத்தை மடித்துப் பெட்டியில் வைக்காமல், பிறர் குளிருக்கு உதவும்படி விரித்து வைத்த பெண்கள் அவர்கள்.

ஒரு நாள் நாம் சென்றபோது அம்மையார் ஒரு சட்டையைச் சாளர வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கொண்டிருந்தார். முன்னாளில் கடித உறையைப் பார்த்தது போலவே பார்த்தார். "இந்தச் சட்டைக்காரர் இடது தோளில் சுமை தூக்கியிருக்கிறார் சாமி, அங்கே மட்டும் நூல் தேய்ந்திருக்கிறது. இது ஏணியில் ஏறி வேலை செய்தவருடையது, முழங்கால் பாருங்கள். இந்தப் பையில் ஜெபமாலை இருந்திருக்கிறது, மணியின் தடம் வரிசையாய் இருக்கிறது" என்று ஒவ்வொன்றாய்ச் சொன்னார். நாம் வியந்து நின்றோம். அதே கண், அதே கூர்மை. ஆனால் முன்பு தடத்தைப் பார்த்து 'யார் செய்தார்' என்று கேட்ட கண், இப்போது தேய்வைப் பார்த்து 'இவர் எதைச் சுமந்தார்' என்று கேட்கிறது. ஓய்வு பெற்றது கூர்மை அல்ல, அந்தப் பழைய கேள்விதான்.

புதுத் துணியைப் பழைய ஆடையில் ஒட்டுப் போட்டால் கிழிசல் பெரிதாகும் என்று ஆண்டவர் சொன்ன உவமையைப் பற்றி அவரிடம் கேட்டோம். "உண்மைதான் சாமி. புதுத் துணி முதல் சலவையில் சுருங்கும். பழைய துணியை இழுத்துக் கிழித்துவிடும். அதனால்தான் எந்தத் துணியையும் முதலில் நீரில் ஊறவைத்து, வெயிலில் போட்டு, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கிய பிறகே ஒட்டுப் போடுகிறேன்" என்றார். பல ஆண்டுகள் அவ்வுவமைக்கு மறையுரை ஆற்றியிருக்கிறோம்; இவ்விளக்கம் நமக்குத் தோன்றியதில்லை. நாம் அந்த மனிதரிடம் கொண்டு சென்ற மன்னிப்பு ஊறாத புதுத் துணி. நம்முடைய மனச்சுமை விரைவில் இறங்க வேண்டும் என்ற அவசரம் அதில் இருந்தது. நாம் இன்னும் சுருங்க வேண்டியிருந்தது.

ஃபாதர் பிரவுன் கதைகளை மறுபடியும் எடுத்துப் படித்தோம். 1927-இல் வெளிவந்த தொகுதியில், அவர் தம் இரகசியத்தை வெளியிடுகிறார். வெளியில் நின்று குற்றவாளியைப் பூச்சியைப் போல ஆராய்வதில்லையாம். 'இக்குற்றத்தை நானே செய்யக்கூடியவன்' என்று உணரும்வரை அம்மனிதனின் உள்ளத்துக்குள் இறங்குவாராம். இளமையில் இதை நாம் வேகமாகப் புரட்டிவிட்டோம். கொலைகாரன் யார் என்பதே நமக்கு வேண்டியிருந்தது. அக்கதைகளில் ஃபிளாம்போ என்னும் பெருந்திருடன் ஒருவன் வருவான். ஃபாதர் பிரவுன் அவனைச் சிறைக்கு அனுப்புவதைவிட மனந்திருப்புவதையே விரும்பினார். அவன் திருந்தித் தானே துப்பறிவாளனாகி, பின் ஓய்வு பெற்று, ஸ்பெயின் நாட்டில் மனைவி மக்களோடு அமைதியாய் வாழ்கிறான். செஸ்டர்ட்டன் இக்குருவானவரை வெறுங்கற்பனையில் படைக்கவில்லை. ஜான் ஓ'கானர் என்னும் பங்குத்தந்தையின் நட்பே அதற்கு வித்து. அதே ஓ'கானர்தான் 1922-இல் அவரைத் திருச்சபையில் சேர்த்துக்கொண்டவர். மனிதரின் பாவத்தை நன்கறிந்தும் மனிதரை வெறுக்காத ஒரு குருவானவரைக் கண்டது அவ்வெழுத்தாளரின் உள்ளத்தைத் தொட்டது. நாமோ பாவமே இல்லாத இடத்தில் பாவியைத் தேடினோம்.

அம்மையார் தைத்த ஏழாவது போர்வை அந்த மனிதரின் வீட்டுக்குப் போயிற்று. சில வாரங்களுக்கு முன் அவருடைய மனைவி, யாரும் கேளாமலே, சாம்பல் நிறச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அச்சட்டையை அம்மையார் போர்வையின் நடுவில் வைத்து, அடியில் ஒரு பிடி அரிசி மணிகளையிட்டுத் தைத்தார். தாமே கொண்டுபோய்க் கொடுத்தார். "என்னால்தான் எல்லாம் வந்தது, மாவு தூவியது நான்" என்று சொன்னாராம். அந்த மனிதர் போர்வையை விரித்துப் பார்த்து, நடுவில் விரல் வைத்து, "உள்ளே என்னம்மா, நறநறவென்கிறது?" என்று கேட்டாராம். அரிசி என்று சொன்னார். "அப்படியா" என்றவர், நெடுநேரம் அந்த இடத்தையே தடவிக்கொண்டிருந்தாராம்.

அவருக்குப் பின்னர் ஒரகடம் பக்கத்தில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு அங்கே பெயர்ந்து சென்றார். நாமும் இப்போது அப்பங்கில் இல்லை. இவ்வாண்டு இக்கட்டுரையை எழுத எண்ணியபோது, மீண்டும் அவரறியாமல் அவரைப் பற்றிப் பேசும் பிழையைச் செய்யலாகாதென்று, தொலைபேசியில் அழைத்து ஒப்புதல் கேட்டோம். அடையாளங்களை மாற்றி எழுதுவதாகவும் சொன்னோம். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "எழுதுங்கள் சாமி. மற்றச் சாமியார்களும் படிக்கட்டும்" என்றார். அவர் குரலில் சிரிப்பு இருந்ததா என்று நம்மால் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க முயலவும் இல்லை.

அன்பான பங்குக் குடும்பத்தாரே, நம் ஒவ்வொருவர் வீட்டுத் திண்ணையிலும் ஒரு துப்பறிவாளர் உண்டு. அடுத்த வீட்டில் ஏன் இன்னும் விளக்கெரிகிறது, அந்தப் பிள்ளை ஏன் கல்லூரிக்குப் போகவில்லை, அந்தப் பெண் ஏன் தாய்வீட்டுக்கு வந்தாள் என்று நம் கண் ஓயாமல் தடம் பார்க்கிறது. கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பிறர் நிலையைப் பாராத கண்ணும் நல்ல கண்ணன்று. பார்த்ததைத் தெருவுக்குக் கொண்டு போகாமல், அவர் வீட்டு வாசலுக்குக் கொண்டு போங்கள். போகும்போது வெறுங்கையாய்ப் போகாதீர்கள். உங்கள் வீட்டு முதியவர்களுக்கும், அவர்களால் மட்டுமே ஆகக்கூடிய வேலை ஒன்றைத் தேடிக் கொடுங்கள்.

யோப்பா நகரில் கைம்பெண்களுக்கு ஆடைகள் தைத்துக் கொடுத்த தபித்தா இறந்தபோது, அவ்வேழைகள் பேதுருவிடம் காட்டி அழுதது அவர் தைத்த துணிகளையே என்று திருத்தூதர் பணிகள் நூலில் வாசிக்கிறோம். நாம் போனபின் நம்மைக் குறித்துக் காட்ட என்ன இருக்கும்? பிறர்மேல் நாம் கண்டுபிடித்த கறைகளா, பிறருக்காக நாம் போட்ட ஒட்டுகளா? காணாமற் போனவர்களைத் தேடி வந்த ஆண்டவர், நம் கண்ணுக்குக் கூர்மையையும், அதைவிடச் சற்று மிகுதியாய் இரக்கத்தையும் அருள்வாராக.